கைவிடுதலும் கையளித்தலும்

நமது நாட்டுக் கந்தோர் வழக்கிலே ‘பாரம் கொடுத்தல்’, ‘பாரம் எடுத்தல்’ என இரு சொற்றொடர்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஓர் உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் கையிருப்பையும் எண்ணிக் காட்டிப் பாரம் கொடுக்கிறார். வருபவர் சரிபார்த்துக் கையொப்பமிட்டுப் பாரம் எடுக்கிறார். இச்சொற்களை ஆக்கியவர்கள் சுமை தூக்கிப் பழகியவர்களாக இருந்திருக்க வேண்டும். நெல்மூட்டையை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாற்றும்போது, வாங்குபவர் காலூன்றி நிற்கும்வரை கொடுப்பவர் பிடியைத் தளர்த்துவதில்லை. ஒரு கணம் முந்தித் தளர்த்தினாலும் மூட்டை நிலத்தில் விழும். விழுந்தபின், ‘நான் கொடுத்துவிட்டேன்’ என்று ஒருவரும், ‘நான் இன்னும் வாங்கவில்லை’ என்று மற்றவரும் சொல்வார்கள். இருவர் கூற்றும் உண்மையே. சிந்திய நெல்லும் உண்மையே.

ஒருவரே தொடங்கி ஒருவரே முடிக்கும் தொழில்கள் இக்காலத்தில் மிகச் சில. கடையாயினும் வங்கியாயினும் வைத்தியசாலையாயினும், ஒரு காரியம் பல மேசைகளைக் கடந்தே நிறைவேறுகிறது. ஒவ்வொரு மேசையிலும் திறமைசாலிகள் இருக்கலாம். ஆயினும் காரியம் கெடுவது பெரும்பாலும் மேசையின் மீதன்று. இரண்டு மேசைகளுக்கு இடையிலேயாம். அங்கே மேற்பார்வையாளர் எவரும் இல்லை; சம்பளம் பெறுபவர் எவரும் இல்லை. ஆகவே அவ்விடத்தைக் காப்பது எப்படி என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை விளக்கப் பெரிய தொழிற்சாலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, சந்திவெளியைக் கடந்ததும் வரும் கிரான் என்னும் ஊரே போதுமானது.

கிரானின் வயல்வெளி

கிரான், கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலாளர் பிரிவின் தலைமையிடம். மக்கள் நெருங்கி வாழும் பகுதி நெடுஞ்சாலையை ஒட்டியது. அவர்களை வாழவைக்கும் வயல்களோ மேற்கே ஆற்றுக்கு அப்பால் விரிந்து கிடக்கின்றன. புலிபாய்ந்தகல், பொண்டுகள்சேனை, திகிலிவெட்டை, கோராவெளி, குடும்பிமலை என அப்பகுதி ஊர்கள் நீண்டு செல்லும். வடகீழ்ப் பருவமழை உக்கிரமடையும் ஆண்டுகளில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிடும். அப்போது மக்கள் தோணியேறியே அக்கரைக்குச் செல்கிறார்கள். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தை மறந்தவர் இங்கே எவருமிலர்.

இத்தகைய நிலத்தில் ஒரு போகம் விளைந்து வீடு சேர்வதற்கு எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குளத்து நீருக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் பொறுப்பு; உரத்திற்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் கமநல சேவை நிலையம்; விதைக்கும் நோய்க்கும் விவசாயத் திணைக்களம்; அனர்த்தத்திற்கும் நிவாரணத்திற்கும் பிரதேச செயலகமும் கிராம உத்தியோகத்தரும். இவற்றோடு உழவு இயந்திரக்காரர், அறுவடை இயந்திரக்காரர், லொறிக்காரர், ஆலைக்காரர், வங்கி ஆகியோரும் சேர்கின்றனர். ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். மேலேயுள்ள குளத்தின் வான்கதவு திறக்கப்படும் செய்தி, பொறியியலாளரின் மேசையிலிருந்து ஆற்றோரத்துக் குடிசைக்கு இரவோடிரவாக வந்து சேர வேண்டும். இடையில் ஒரு கை அதனைத் தவறவிட்டால், திறந்தவர் தம் கடமையைச் செவ்வனே செய்தவராகவும், கீழே உறங்கியவர் வெள்ளத்தில் அகப்பட்டவராகவும் ஆகிவிடுவர்.

தேதி குறிக்கும் கூட்டம்

இத்துணைக் கைகளையும் ஓரிடத்தில் கூட்டுவதற்கென்றே ஒரு நல்ல ஏற்பாடு நம்மிடம் உண்டு. அதுவே போகத்தின் தொடக்கத்தில் நடைபெறும் ஆரம்பக் கூட்டம். இதனைக் கன்னக் கூட்டம் என்றும் வழங்குவர். முன்னாளில் கச்சேரி எனப்பட்ட மாவட்டச் செயலகத்தின் தலைமையிலோ அதன் சார்பில் பிரதேச செயலாளர் தலைமையிலோ உத்தியோகத்தர்களும் கமக்காரரும் கூடுவர். எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் நிறுத்துவது, விதைப்பை எந்நாளுக்குள் முடிப்பது, எத்தனை நாள் வயதுடைய நெல்லை விதைப்பது, வாய்க்காலைத் துப்புரவு செய்வது எப்போது, மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவது எப்போது என்பன அங்கே தீர்மானிக்கப்பட்டு எழுதப்படும்.

இவற்றுள் மாடுகளைப் பற்றிய தேதியைக் கவனியுங்கள். கிரான் பகுதி வயலுக்கு மட்டுமன்றிக் கால்நடைக்கும் பேர்போனது. அறுவடை முடிந்த வயல் மாட்டுக்கு மேய்ச்சற்றரை. விதைப்புத் தொடங்கியதும் அதே நிலம் நெல்லுக்குரியது. ஒரே நிலம் இரு தொழிலாரிடையே ஆண்டுதோறும் கைமாறுகிறது. கைமாறும் நாள் திட்டமாகக் குறிக்கப்பட்டால் இரு சாராரும் பிழைப்பர். குறிக்கப்படாவிட்டால் பயிர் அழியும்; மாடு காயப்படும்; அயலவர் பகைவராவர்.

இக்கூட்டத்தின் சிறப்பு யாது? கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகின்றனர் என்பதே. கடிதத்தில் ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதி அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடுவது எளிது. நேரிலே, ‘அத்தேதிக்குள் எங்கள் வாய்க்கால் திருத்தப்படாதே, நீரை எப்படி வாங்குவது?’ என்று ஒரு கமக்காரர் எழுந்து கேட்டால், தள்ளிவிட முடியாது. கேள்வி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்கும்போதுதான் ஒரு வேலை உண்மையிலேயே கையளிக்கப்படுகிறது.

அப்படியிருந்தும் இச்சங்கிலியில் ஓர் இடைவெளி இருக்கவே செய்கிறது. அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வயலை அறுத்து, நெல்லை ஈரத்தோடு மூட்டையாக்கித் தந்துவிடுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் நெல்லில் ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. இவ்விரண்டுக்கும் இடையே நெல்லை உலர்த்துவது யார் வேலை? இயந்திரக்காரர் பணம் பெற்றுச் சென்றுவிட்டார். களஞ்சியப் பொறுப்பாளர் ஈரமானியைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார். கமக்காரரோ தார்வீதியின் ஓரத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார். மழை தூறினால், கையிலிருக்கும் விலைக்குத் தனியார் வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். இங்கே எவரும் கடமை தவறவில்லை. இரண்டு கடமைகளுக்கு நடுவே ஒரு வேலை அநாதையாகக் கிடக்கிறது. அதன் நட்டம் சங்கிலியில் மிக எளியவர் தலையில் விழுகிறது.

வட்டை விதானையின் வரலாறு

மட்டக்களப்புப் பிரதேசத்தில் வயற்கண்டத்தை ‘வட்டை’ என்பர். ஒவ்வொரு வட்டைக்கும் நீர்ப் பங்கீட்டையும் வேலியையும் கவனிக்க ஒரு வட்டை விதானை இருப்பார். சிங்களப் பகுதிகளில் இத்தகையவரே ‘வெல் விதானை’ எனப்பட்டார். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் பிறந்த நீர்ப்பாசனச் சட்டம், வயல்வெளிப் பழைய வழமைகளைச் சட்டத்தின் துணைகொண்டு நிலைநிறுத்த முயன்றது. அதன் வழியில் நீர்ப்பாசன விதானைமார் பல தலைமுறைகள் பணியாற்றினர்.

1958இல் அமைச்சர் பிலிப் குணவர்தன முயன்று கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளிப்பதே அதன் தலையாய நோக்கம். அதனோடு விதானைமாரின் கடமைகள் கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களின் கைக்கு மாறின. குடியாட்சி முறைக்கு உகந்த மாற்றமே அது. ஆனால், கடமை கைமாறிய அளவுக்கு அதிகாரம் கைமாறவில்லை என்னும் குறை விரைவிலேயே எழுந்தது. இரவில் வாய்க்காலை வெட்டி நீரைத் திருப்புபவரைப் பழைய விதானை ஒரு சொல்லால் தடுத்தார். புதிய குழுவோ தடுக்கும் வழி தெரியாமல் தடுமாறியது. எந்த மதகில் எவ்வளவு நேரம் நீர் ஓடினால் கடைக்கோடி வயல் நனையும் என்ற அறிவும் விதானையின் தலைக்குள் இருந்ததேயன்றி எந்த ஏட்டிலும் இருக்கவில்லை.

அதன்பின் 1972இல் விவசாய உற்பத்தித்திறன் சட்டம், 1979இல் கமநல சேவைகள் சட்டம், 2000ஆம் ஆண்டில் கமநல அபிவிருத்திச் சட்டம் என ஏற்பாடுகள் மாறின. ஒவ்வொரு முறையும் வாய்க்கால் அதே வாய்க்காலாகவே இருந்தது; அதற்குப் பொறுப்பானவரின் பெயர் மட்டும் மாறியது. நம் பக்கத்தில் ‘வட்டை விதானை’ என்னும் பெயர் இன்றும் வழக்கொழியாமல் இருப்பதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. ‘இந்த வட்டைக்கு யார் பொறுப்பு?’ என்ற வினாவுக்கு ஒரு மனிதரைச் சுட்டிக் காட்ட வேண்டிய தேவை வயலுக்கு எப்போதும் உண்டு. குழுவை அழைத்தால் எல்லோரும் வருவர், அல்லது எவரும் வரார். பெயர் சொல்லி அழைத்தால் ஒருவர் வந்தே தீருவார்.

கல்லோயா தந்த பாடம்

அறுந்த தொடர்பை ஒட்டவைக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று தெற்கே அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவட்டம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள், 1980ஆம் ஆண்டளவில் பெரிதும் சீர்கெட்டிருந்தன. நீர் தலைப்பகுதி வயல்களோடு நின்றுவிடும். கடைப்பகுதி வயல்கள் காய்ந்து கிடக்கும். பொறியியலாளர் கமக்காரரை நம்பவில்லை. கமக்காரர் பொறியியலாளரை நம்பவில்லை.

1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டதாரி இளைஞர்களைப் பயிற்றுவித்துக் கமக்காரரிடையே வாழ அனுப்பின. நீரைப் பங்கிடுவது அவர்கள் வேலையன்று. பங்கிடுபவரையும் பெறுபவரையும் ஒரே வாய்க்காலின் கரையில் கூடிப் பேசவைப்பதே அவர்கள் வேலை. அவ்வாண்டு சேனாநாயக்க சமுத்திரத்தில் கொள்ளளவின் கால்வாசியளவு நீரே இருந்தது. ஆயினும் கமக்காரர் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சப்பட்டதைக் கீழே விட்டனர். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரரும் கடைப்பகுதியில் தமிழ்க் கமக்காரரும் இருந்த இடங்களிலும் இவ்வாறு நீர் கீழே சென்றது. இம்முயற்சியில் பங்குகொண்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். புதிய இயந்திரமோ புதிய சட்டமோ இல்லாத நிலையிலேயே, இரு கைகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்திற்கு ஆள் வைத்ததால் கிடைத்த பயன் இது.

வளையமும் வில்லையும்

கிரானுக்கு வடக்கே வாழைச்சேனையும் தெற்கே ஏறாவூரும் புகையிரத நிலையங்கள். இப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் புகுந்தால் விளைவு என்னவாகும் என்று கூற வேண்டியதில்லை. இத்தகைய பாதைகளுக்கென ஏற்பட்டதே ‘டப்லட்’ எனப்படும் வில்லை முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்தொடர்புள்ள இரு பெட்டிகள் உண்டு. இரு நிலைய அதிபர்களும் இணங்கினாலன்றி வில்லை வெளியே வராது. ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஏதேனுமொரு பெட்டிக்குள் போடப்படும்வரை இரண்டாவது வில்லை எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. பெரிய வளையத்தில் மாட்டிய தோற்பையில் அவ்வில்லையை வைத்துச் சாரதியின் கையில் கொடுப்பர். அது கையிலில்லாமல் அவர் வண்டியை அப்பகுதிக்குள் செலுத்தலாகாது.

கையளிப்பின் இலக்கணம் முழுவதும் அவ்வளையத்தில் அடங்கியிருக்கிறது. பொறுப்பு என்பது எப்போதும் ஒருவர் கையில் இருத்தல் வேண்டும். இருவர் கையில் இருப்பதாக எண்ணினாலும் விபத்து. எவர் கையிலும் இல்லாதிருந்தாலும் விபத்து.

அத்தகைய விபத்தொன்று 1988 ஜூலை 6ஆந் தேதி ஸ்கொத்லாந்துக்கு அப்பால் வடகடலில் நிகழ்ந்தது. பைப்பர் அல்பா என்னும் எண்ணெய்க் கிணற்று மேடையிலே, பகல் முறைத் தொழிலாளர் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றியிருந்தனர். வேலை முடியவில்லை, தற்காலிக மூடி ஒன்றைப் பொருத்திவிட்டுச் சென்றனர். பத்திரம் எழுதப்பட்டது, எனினும் முறை மாறியபோது இரவு முறையினருக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. இரவில் மற்றப் பம்பு நின்றுவிடவே, கழற்றப்பட்ட பம்பை இயக்கினர். வாயு கசிந்து தீப்பற்றி மேடை எரிந்தது. 167 பேர் மாண்டனர். எழுதி வைத்தால் மட்டும் போதாது, எழுதியது அடுத்தவரின் அறிவுக்குள் புகவேண்டும் என்பதை உலகம் இத்துணை விலை கொடுத்துக் கற்றது.

வைத்தியசாலைகளிலும் இதே ஆபத்து உண்டு. பகல் வைத்தியர் நோயாளரை இரவு வைத்தியரிடம் ஒப்படைக்கும் வேளையில் எத்தனையோ செய்திகள் உதிர்ந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 வைத்தியசாலைகளின் குழந்தைப் பகுதிகளில் இதற்கென ஒரு முறையைப் புகுத்தினர். நோயின் கடுமை, சுருக்க வரலாறு, செய்யவேண்டியவை, எதிர்பார்க்க வேண்டிய ஆபத்து ஆகிய நான்கையும் ஒப்படைப்பவர் கூற வேண்டும். ஐந்தாவதாக, ஏற்பவர் தாம் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான ஆய்வின்படி மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடும், தடுக்கக்கூடிய தீங்குகள் 30 விழுக்காடும் குறைந்தன. இதற்குப் புதிய மருந்தொன்றும் தேவைப்படவில்லை.

நமது மேசைகளுக்கிடையே

இவ்வுதாரணங்கள் பெரியவையாகத் தோன்றலாம். ஆனால் வில்லை தவறும் இடங்கள் நம்மருகிலேயே உள்ளன. நாமறிந்த மாணவி ஒருத்தி மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக ஒரு கந்தோரில் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டிருந்தாள். முதல் மேசையில் அது அன்றே பார்க்கப்பட்டு, அடுத்த மேசைக்கு அனுப்பப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. அடுத்த மேசைக்குரிய இலிகிதரோ நீண்ட விடுமுறையில் இருந்தார். அவர் வேலையைப் பார்ப்பவர் அவருடைய தட்டிலிருந்த தாள்களைத் தம்முடையவை என்று கருதவில்லை. பிரதி கைக்கு வந்தபோது விண்ணப்ப முடிவுத் தேதி கடந்துவிட்டிருந்தது. மூவரில் எவரும் சோம்பேறியல்லர். ஆனால் ஓர் இளம் பெண்ணின் ஓராண்டு நடுவழியில் விழுந்துபோயிற்று.

வியாபாரத்திலும் இதுவே. விற்பனையாளர், ‘வெள்ளிக்கிழமை பொருள் வந்துவிடும்’ என்று வாய்ச்சொல் கொடுக்கிறார். களஞ்சியத்துக்குப் போகும் சீட்டில் பொருளின் பெயரும் தொகையும் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை இல்லை. பொருள் திங்களன்று போகிறது. வாக்குறுதி எங்கே தொலைந்தது? சீட்டில் அதற்கோர் இடம் வைக்கப்படவில்லை. யப்பானியத் தொழில் அறிஞர் கவோரு இஷிகாவா, அடுத்த பகுதியில் வேலை செய்பவரே உமது வாடிக்கையாளர் என்று தொழிலாளருக்குப் போதித்து வந்தார். வாடிக்கையாளருக்குக் காட்டும் கவனத்தை அடுத்த மேசைக்கும் காட்டினால், சீட்டில் எதை எழுத வேண்டும் என்பது தானே விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். ஒவ்வொரு கைமாற்றுக்கும் கூட்டமும் படிவமும் கையொப்பமும் வைத்தால், கந்தோர்களில் இப்போதுள்ள தாமதம் இருமடங்காகாதோ? ஆகும். அதனாலேயே முதல் மருந்து, கைமாற்றங்களைக் குறைப்பது. ஐந்து மேசைகள் பார்ப்பதை மூன்று மேசைகள் பார்த்தால் போதுமெனின், இரண்டை நீக்கிவிடல் வேண்டும். இல்லாத சந்தியில் விபத்து நிகழ்வதில்லை. எஞ்சியவற்றுக்கே காவல் தேவை. அக்காவலும் பெரியதொன்றன்று. முடிந்தவற்றைவிட முடியாதவற்றை முதலில் கூறுதல். இனிப் பொறுப்பாளர் யார் எனப் பெயர் குறித்தல். கடமையோடு அதற்கு வேண்டிய அதிகாரத்தையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்தல். ஏற்பவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லக் கேட்டல். ஐந்து நிமிடத்தில் முடியும் காரியம்.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே உண்டு. தக்காரைத் தெரிந்து வேலையை ஒப்புவிக்கும் கலையை நம் முன்னோர் அவ்வளவு பெரிதாக மதித்தனர். பலர் கைமாறி வேலை நடக்கும் இக்காலத்தில், தெரிந்த தக்காரிடம் தக்கவாறு சேர்ப்பிக்கும் கலையும் அதனோடு பயிலத்தக்கது.

இதனை வீட்டிலேயே பழகலாம். முதிய தாயாரின் மருந்தை மூத்த மகள் ஒரு வாரமும் இளைய மகள் மறுவாரமும் கவனிக்கும் இல்லங்கள் உண்டு. ‘காலை மருந்து கொடுத்தாயிற்று, இரவு மருந்தை வைத்தியர் மாற்றியிருக்கிறார், நீ சொல் பார்க்கலாம்’ என்று அக்காள் தங்கையைக் கேட்பது அவநம்பிக்கையன்று. அது தாயின்மேலுள்ள அன்பின் ஒரு வடிவம். மாணவர்களும் கூட்டுப் பணிகளில் தம் பகுதியை முடித்து வீசிவிட்டுப் போகாமல், அடுத்தவர் அதனை எடுத்துத் தொடர முடிகிறதா என்று நின்று பார்க்கப் பழகுவாராக. நாளை அவர்களே பொறியியலாளராகவும் தாதியராகவும் இலிகிதராகவும் அமரப்போகிறவர்கள்.

கைவிடுதல், கையளித்தல் என்னும் இரு சொற்களும் ‘கை’ என்றே தொடங்குகின்றன. ஒன்றில் கை திறந்தால் போதும். மற்றதில் இன்னொரு கை வந்து பற்ற வேண்டும். அந்த இன்னொரு கை பற்றிவிட்டதா என்று பார்க்கும் அந்த ஒரு கணத்திலேதான் கிரானின் நெல்லும், வடகடலின் உயிர்களும், ஒரு மாணவியின் ஓராண்டும் தங்கியிருக்கின்றன.